ஒன்றும் நடக்காதது போலத் தெரிந்த அடுக்கு

"இந்தப் பிளவு இங்கயே செத்துப்போச்சு மேடம்" என்று யாராவது நில அதிர்வுப் படத்தை நீட்டினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உங்களில் பலருக்கு இது தெரியும். வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் சிலர், அந்த அம்மாவுக்கு ஏன் அந்த ஒரு வார்த்தை மட்டும் ஆகாது என்று போன மாதம் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். நேரில் கேட்டிருந்தால் ஒரு காப்பியாவது கொடுத்திருப்பேன். கேட்காததால் எழுதுகிறேன்.

நீங்கள் என்னைக் காவிரிப் படுகையில், காரைக்கால் அலுவலகத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது வியட்நாமில், சைகோனில். பிறந்ததும் அங்கேதான். அப்பா காரைக்காலிலிருந்து பிரெஞ்சு சுங்க இலாகாவில் குமாஸ்தாவாகப் போனவர். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் நாங்கள் கிளம்பவில்லை. டோங் டு தெருப் பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் வீடு. ஞாயிற்றுக்கிழமை மாதாகோவில் பூசைக்குப் போகிற குடும்பம்தான் என்றாலும், நாலு வார்த்தை தமிழ் பேச வேண்டுமானால் தமிழ் முஸ்லிம்கள் கூடும் அந்தப் பள்ளிவாசல் பக்கம்தான் போக வேண்டும். கறிமசால் சாமானும் அங்கேதான் கிடைக்கும். அப்பா இறந்தபின் வீட்டில் அம்மா, நான், என் தம்பி அந்துவான்.

நான் அங்கேயே நிலவியல் படித்தேன். தெற்கே கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது என்று பேச்சுக் கிளம்பி, வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக வந்து இறங்கிய காலம் அது. வியட்நாம் குடியரசின் கடைசி வருஷங்கள். கடைசி என்று எங்களுக்கு அப்போது தெரியாது. ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. பிறகு அந்துவானையும் அதே கம்பெனி எடுத்துக்கொண்டது. அவன் லிசேயில், அதாவது பிரெஞ்சுப் பள்ளியில், படிப்பை முடிக்காமல் ரேடியோப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு திரிந்தவன். துளையிடும் கப்பலில் ரேடியோ ஆபரேட்டர் வேலை. சில வாரம் கடல், சில வாரம் வீடு.

இப்போது பாடம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் பாஷையில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் இருப்பவர்களும் படிக்கட்டும், நாள் முழுக்க நீங்கள் என்னதான் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளட்டும்.

பூமியின் மேல்தோல் ஒரு காலத்தில் இழுபடுகிறது. இழுபட்ட இடத்தில் பாறை உடைந்து ஒரு பக்கம் கீழே இறங்குகிறது. அந்த உடைவுதான் பிளவு. இறங்கிய பள்ளத்தில் ஆறுகள் மணலையும் சேற்றையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. பிளவு இறங்க இறங்க, பள்ளத்துப் பக்கம் வண்டல் தடிமனாகப் படியும். ஒரு கட்டத்தில் இழுப்பு நின்றுவிடும், பிளவும் நின்றுவிடும். மேலே அடுக்கடுக்காக வண்டல் மூடிவிடும். படிவுப் படுகை என்று நாம் சொல்வது இதைத்தான். பிறகு கோடிக்கணக்கான வருஷம் கழித்து அதே நிலம் இரு பக்கமும் நெருக்கப்படுகிறது. அப்போது எங்கே உடையும்? உங்கள் வீட்டுச் சுவரையே பாருங்கள். விரிசலைப் பூசி, வெள்ளையடித்து, மேலே காலண்டர் மாட்டினாலும், அடுத்த மழைக்கு அதே இடத்தில்தான் விடும். நிலமும் அப்படித்தான். புதிதாக உடைவதைவிடப் பழைய உடைவு சுலபம். முன்பு கீழே இறங்கிய பக்கம் அதே பிளவின் வழியாக இப்போது மேலே ஏறும்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒரு பக்கம் பத்து மீட்டர் இறங்கி, பிற்பாடு ஐந்து மீட்டர் திரும்ப ஏறியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் இருக்கும் பழைய அடுக்கு இன்னமும் ஐந்து மீட்டர் கீழேயே இருக்கும். இறக்கமெல்லாம் முடிந்தபின் படிந்த இளம் அடுக்கு இறங்கவே இல்லை, அதனால் அது ஐந்து மீட்டர் மேலே ஏறியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அடுக்கு உண்டு. அது படிந்தபின் இறங்கியதும் ஐந்து, ஏறியதும் ஐந்து. படத்தில் பார்த்தால் அந்த அடுக்கு இரு பக்கமும் ஒரே மட்டத்தில், ஒன்றும் நடக்காதது போலத் தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் மாட்டிக்கொண்டது அந்த அடுக்கில்தான்.

நாங்கள் வேலை செய்த முறையைச் சொன்னால்தான் இது புரியும். கடலுக்கு அடியில் ஒலியை அனுப்பி, அது பாறையில் பட்டுத் திரும்புவதை வைத்து எடுத்த நில அதிர்வுப் படங்கள் நீள நீளமான காகிதங்களாக வரும். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் விரித்து, கலர் பென்சிலால் அடுக்குகளைப் பின்தொடர்வோம். பிளவுக்குச் சிவப்பு. கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டு போய், இரு பக்க அடுக்குகளும் ஒரே மட்டத்துக்கு வரும் இடத்தில் நிறுத்தி, குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுவோம். அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் கல்லறை. கல்லறை போட்டாயிற்றா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். அதற்கு மேலே யாரும் பென்சில் வைப்பதில்லை. கடல் தரைக்குச் சற்றே கீழே கிடக்கும் இளம் அடுக்குகளில் எண்ணெய் இருக்காது. எண்ணெய் இல்லாத இடத்தில் கம்பெனியின் பென்சில் தேய்வது யாருக்கும் பிடிக்காது.

அந்த வருஷம் ஒரு கிணற்றுக்கு இடம் குறித்தாகிவிட்டது. அழகான மேடு. அடியில் ஒரு பெரிய பிளவு, அதன் தலையில் கல்லறை, அதற்கு மேலே அடுக்குகள் குடை விரித்தது போல மெதுவாக வளைந்திருந்தன. எண்ணெய் தங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். துளையிடும் கப்பல் வந்து நங்கூரம் போட நாள் குறித்துவிட்டார்கள். அந்தச் சுற்றில் ரேடியோவில் உட்கார வேண்டியவன் அந்துவான்.

கப்பல் கிளம்ப ஒரு வாரம்கூட இல்லாத ஒரு பிற்பகலில் மின்சாரம் போயிற்று. சைகோனில் அது தினப்படி சமாச்சாரம். ஏ.சி. நின்றதும் அந்த அறை அடுப்பாகிவிடும். நான் அந்தப் படத்தைச் சுருட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். மேசை இல்லாததால் காகிதத்தின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே வைத்து, மறுமுனையை ஜன்னல் கட்டையில் தாழ்த்தி வைத்து, தச்சர் பலகையின் நேர்த்தியைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். அப்படிப் பார்த்தால் நீளமெல்லாம் குறுகி, சின்ன வளைவுகூட எழுந்து நிற்கும். உங்கள் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் அது நடக்கும். எங்களுக்குக் கழுத்து வலித்தால்தான் நடக்கும்.

கல்லறைக்கு மேலே, யாரும் பென்சில் வைக்காத பகுதியில், ஒவ்வொரு அடுக்கும் ஒரே இடத்தில் லேசாக மடிந்திருந்தது. கீழே இறங்கியிருந்த பக்கம் அங்கே மேலே ஏறியிருந்தது. அந்த மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக, கடல் தரையைக் கிட்டத்தட்டத் தொடும் தூரம்வரை போயின. பிளவு அங்கே முடியவே இல்லை.

இதில் என்ன ஆபத்து என்று கேட்டால், பிளவு அண்மைக்காலம்வரை அசைந்திருந்தால் அது ஒரு புகைபோக்கி. ஆழத்தில் இருக்கும் எரிவாயு அதன் வழியே கசிந்து, கடல் தரைக்குக் கீழே இருக்கும் மணலில் வந்து தங்கியிருக்கும். கிணற்றின் முதல் துளை அகலமானது. அந்த நேரத்தில் கிணற்றை மூடும் வால்வுகள் எதுவும் பொருத்தியிருக்காது. ஆழத்தில் வாயுவைச் சந்தித்தால் மூடிவிடலாம். மேலேயே சந்தித்தால் மூடுவதற்கு ஒன்றும் இல்லை. கடல் கொதிக்கும், ஒரு பொறி பட்டால் மேலே நிற்கும் கப்பல் எரியும்.

எங்கள் தலைவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பத்ரோன் என்போம், பிரெஞ்சில் முதலாளி என்று அர்த்தம். பாலைவனங்களில் கிணறு தோண்டித் தோண்டிக் காதுவரை சுருங்கிப்போன முகம். எந்நேரமும் தர்பூசணி விதையைக் கடித்துக்கொண்டிருப்பார். அவர் மேசையில் இருக்கும் வரைபடங்களைத் தட்டினால் தோல் கொட்டும். அவரிடம் போய்க் காட்டினேன்.

அவரும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மத்மசெல், இது ஒரு வளைவு. மேடு என்றால் வளையத்தான் செய்யும்."

"ஒரே இடத்தில் எல்லா அடுக்குமா வளையும்? கல்லறைக்கு நேர் மேலே?"

அவர் கொஞ்ச நேரம் விதை கடித்தார். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கப்பலில் உங்கள் தம்பி இல்லையென்றால் இந்தக் கோட்டைப் போட்டிருப்பீர்களா?"

எனக்குக் கோபம் வந்தது. நான் கோபக்காரி என்பது உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் போட்டிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. நான் பார்த்தது காகிதத்தில் இருக்கிறதா, என் வயிற்றுக்குள் இருக்கிறதா? எத்தனையோ படங்களில் எத்தனையோ கல்லறைகள் நானே போட்டிருக்கிறேன். எந்தக் கல்லறைக்கு மேலேயும் அதுவரை இப்படிக் கண்ணை இடுக்கிப் பார்த்ததில்லையே.

வீட்டுக்குப் போனேன். அந்துவான் மறுநாள் காலை வுங் தாவ் துறைக்குக் கிளம்ப வேண்டும். அவன் பை கூடத்தில் தயாராக இருந்தது. அம்மா வாளைமீன் குழம்பு வைத்திருந்தாள். அவன் நான் வருவதற்குள் பாதிச் சட்டியைக் காலி செய்திருந்தான்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"கரண்ட் இல்ல. வெக்கை."

"பத்ரோன் ஏசிப்புட்டானா?"

"சாப்புடுடா பேசாம."

சாப்பிட்டு முடிக்கும்வரை எனக்குள் ஒரே வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது. வயித்து வலின்னு சொல்லிட்டு இந்தத் தடவை வீட்ல இரு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவன் கேள்வி கேட்காமல் கேட்பான். அவனுக்குப் பதிலாகப் போக வேறோர் ஆபரேட்டர் தயாராக இருந்தார், பியென் ஹோவா ஊர்க்காரர், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். கடைத்தெருவில் ஒரு முறை மனைவியோடு பார்த்து வணக்கம் சொல்லியிருக்கிறேன். அந்துவான் வீட்டில் இருந்தால் அந்த நாற்காலியில் அவர் உட்காருவார்.

அந்த மனிதரை நினைத்து நான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மை அதைவிடக் கொஞ்சம் மட்டம். என்னை எனக்குத் தெரியும். தம்பியை வீட்டில் நிறுத்திவிட்டால் என் பயம் தீர்ந்துவிடும். பயம் தீர்ந்துவிட்டால் பத்ரோனோடு மல்லுக்கு நிற்க எனக்கு மனசு இருக்காது. அது ஒரு வளைவுதான் என்று நானே ஒத்துக்கொண்டு அடுத்த படத்தை எடுத்துவிடுவேன். அதனால் சொல்லவில்லை. காலையில் அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற சைக்ளோ ரிக்‌ஷாவில் ஏறிப் போனான். அம்மா நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். நான் குளிக்கிறேன் என்று சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளேயே நின்றேன்.

அலுவலகத்துக்குப் போகும் வழியெல்லாம் பத்ரோனின் கேள்விதான். கடைசியில் அந்தக் கேள்விக்குள்ளேயே வழி இருந்தது. அந்தக் கப்பலில் தம்பி இல்லாத ஒருவர் பார்த்தால்?

லியென் எங்கள் வரைபடப் பிரிவில் இருந்தவர். என்னைவிட மூத்தவர், சி லியென் என்பேன், நம் ஊரில் லியென் அக்கா என்கிற மாதிரி. வாய் நீளம். ஆனால் கை அத்தனை துல்லியம். அளவுகோலை வைத்தால் தலைமுடி அகலம் பிசகாது. அவரிடம் ஒரு கட்டுப் படங்களைக் கொண்டுபோய் வைத்தேன். மேட்டின் மேலே போகும் படங்கள் சில, மேட்டுக்குச் சம்பந்தமே இல்லாத தூரத்துப் படங்கள் சில. எல்லாவற்றையும் கலைத்து, பெயர் எழுதிய ஓரத்தை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்திருந்தேன். சிவப்புக் கோடுகளையும் மறைத்திருந்தேன். கடல் தரைக்குக் கீழே இருக்கும் மேல் அடுக்குகளின் தடிமனை மட்டும், குறித்த இடங்களில் எல்லாம் அளந்து தரச் சொன்னேன்.

நாங்கள் பேசிக்கொள்வது வியட்நாமியில்.

"இந்த மேல் அடுக்கை எதுக்கு அளக்கணும்? யாருக்கு வேணும் இது?"

"இப்ப சொல்ல மாட்டேன்க்கா."

"ஏன், சொன்னா என்ன ஆயிடும்?"

"அளவு கெட்டுப்போயிடும்."

"என் அளவா கெட்டுப்போகும்? நல்லா இருக்கே. சரி, ஐஸ் போட்ட பால் காப்பி வாங்கித் தா. தெருமுனைக் கடையில வேணாம், அவன் தண்ணி ஊத்துறான்."

வாங்கிக் கொடுத்தேன். அன்று முழுக்க அளந்தார். நான் என் மேசையில் உட்கார்ந்து வேறெதையோ பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். அவர் பக்கம் திரும்பினால் என் முகத்தைப் படித்துவிடுவார் என்று பயம்.

அடுக்கின் தடிமனுக்கு ஏன் போனேன் என்று சொல்ல வேண்டும். வளைவைப் பார்த்து ஒருவர் பிளவு என்பார், ஒருவர் வளைவு என்பார், கண் பார்ப்பது மனசைப் பொறுத்தது. தடிமன் அப்படியில்லை. வண்டல் படியும்போதே அடியில் மேடு எழும்பிக்கொண்டிருந்தால், அதன் தலையில் கம்மியாகவும் பக்கத்தில் அதிகமாகவும் படியும். எல்லாம் படிந்து முடிந்த பிறகு எழும்பியிருந்தால் எங்கும் ஒரே தடிமன்தான் இருக்கும். அதாவது பிளவு எந்தக் காலம்வரை அசைந்தது என்பதைத் தடிமன் சொல்லிவிடும். அந்த இளம் அடுக்குகள் படியும்போதும் அது அசைந்துகொண்டிருந்தால், அது செத்தது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

லியென் கொடுத்த அளவுகளை எடுத்துக்கொண்டு, ஒட்டிய தாள்களைக் கிழித்துப் பொருத்திப் பார்த்தேன். தூரத்துப் படங்களில் மேல் அடுக்குகள் ஒரே சீராக இருந்தன. மேட்டின் மேலே போகும் ஒவ்வொரு படத்திலும், சரியாக அந்த மடிப்பின் தலையில், அவை மெலிந்திருந்தன. ஒன்றில்கூடப் பிசகவில்லை.

பத்ரோனிடம் கொண்டுபோனேன். அளவுகளை மேசையில் வைத்தேன். அவர் அளவுகோலை எடுத்து ஒரு படத்தை அவரே அளந்தார். இன்னொன்றையும் அளந்தார். விதை கடிக்கும் சத்தம் நின்றது.

"இதை அளந்தது யார்?"

"லியென்."

லியெனைக் கூப்பிட்டார். "நீங்கள் அளந்தது எந்த இடம் என்று தெரியுமா?"

"தெரியாது மிசியே. கேட்டேன், சொல்லவில்லை. காப்பி கிடைத்தது, அளந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "உங்களிடம் நேற்றுக் கேட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்றார். பெரிய மனிதர்கள் அப்படிச் சொல்வதை என் உத்தியோக காலத்தில் மிகக் கொஞ்ச முறைதான் கேட்டிருக்கிறேன்.

அதன்பிறகு பல நாள் அவர் தலைமையகத்தோடு டெலக்ஸில் சண்டை போட்டார். இடத்தை மாற்ற அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கப்பலின் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடுகிறது, நங்கூரம் போட்டாகிவிட்டது, சைகோனில் ஒரு பெண் காகிதத்தைச் சாய்த்துப் பார்த்தாள் என்பதற்காகக் கப்பலை நகர்த்துவதா? கடைசியில் பத்ரோன் ஒன்றை மட்டும் பிடுங்கினார். அகலமான துளை போடுவதற்கு முன், அதே இடத்தில் முதலில் குறுகலான ஒரு சோதனைத் துளை. குறுகலாக இருந்தால் வாயு வந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், கனமான சேற்றை இறக்கி அடக்கிவிட வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் கப்பலில் எந்த அடுப்பும் எரியக் கூடாது. நங்கூரச் சங்கிலிகளை நொடியில் கழற்றிவிட ஆட்கள் நிற்க வேண்டும். இழுவைப் படகு காற்று வரும் திசையில் காத்திருக்க வேண்டும். இதை எழுதி, கையெழுத்துப் போட்டு, தன் வேலையையே அதற்குப் பணயம் வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

துளை போடும் காலையில் ரேடியோ அறையில் நின்றோம். பத்ரோன், லியென், நான். கப்பலிலிருந்து வருவது அந்துவானின் குரல். வேலையில் அவன் ஆங்கிலம் பேசுவான், வீட்டில் இருக்கும் கோணங்கித்தனம் எதுவும் இல்லாமல், பாதிரியார் வாசகம் படிப்பது போல. ஆழம் சொன்னான். காற்று சொன்னான். மறுபடி ஆழம் சொன்னான். பிறகு ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, "கேஸ். ரேடியோவை அணைக்கிறேன்" என்றான். அவ்வளவுதான். பெட்டியிலிருந்து இரைச்சல் மட்டும் வந்தது.

நான் எதையோ பிடித்துக்கொண்டேன். அது லியெனின் கை என்று பிறகுதான் தெரிந்தது. நகம் பதிந்த இடம் சிவந்துவிட்டிருந்தது.

"மத்மசெல், கேளுங்கள்" என்றார் பத்ரோன். "ரேடியோ ஒரு தீப்பொறி. அணைத்தால் விதிப்படி நடக்கிறார்கள் என்று அர்த்தம். பேச்சு நிற்பதுதான் நல்லது."

அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். அந்த விதி எனக்கும் மனப்பாடம். ஆனால் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்கு விதி உதவவில்லை. வீட்டில் நிறுத்தியிருக்கலாமே என்று நினைத்தேன். உடனே பியென் ஹோவாக்காரரின் மனைவி முகம் நினைவுக்கு வந்தது, நினைவுக்கு வந்ததற்காக அந்தப் பெண்மேலேயே ஆத்திரம் வந்தது. மனசு அந்த மாதிரி நேரத்தில் நாலு பக்கமும் கடிக்கும். பத்ரோன் பையிலிருந்து விதையை எடுத்தார், கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வெளியே தெருவில் நூடுல்ஸ் விற்பவன் மூங்கில் தட்டிக்கொண்டு போனான். அவன் திரும்பி வந்தான். மறுபடியும் போனான்.

மதியம் கடந்த பிறகு இரைச்சல் ஒரு முறை வெட்டியது. குரல் வந்தது. முதலில் கப்பலின் பெயர், பிறகு இடம், பிறகு காற்று. ஆட்கள் எல்லாரும் பத்திரம். காயம் இல்லை. வாயு அடங்கிவிட்டது. துளை மூடப்பட்டது. ஒவ்வொன்றாக, நிதானமாக, அதே வாசகக் குரலில். எல்லாம் சொல்லி முடித்தான். நான் அறையில் இருப்பேன் என்று அவன் எப்படி ஊகித்தான் என்று தெரியாது. தமிழில் சொன்னான்:

"அக்கா, அம்மாட்ட சொல்லிடாத."

பத்ரோன் கலவரமாகத் திரும்பினார். "என்ன சொன்னான்? அது எந்த மொழி? ஏதாவது பிரச்சினையா?"

 சுவரில் சாய்ந்து நின்று, வெட்கமில்லாமல், சத்தம் போட்டு அழுதேன். லியெனுக்குத் தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனாலும் அவர்தான் பதில் சொன்னார்: "கப்பல் விஷயம் இல்லை மிசியே. குடும்ப விஷயம்."

பத்ரோன் நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த விதை முழுவதையும் ஒரே வாயாகப் போட்டுக் கடித்தார்.

கப்பலில் நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டோம். கப்பலுக்கு ஒரு பக்கத்தில் கடல் வெள்ளையாக நுரைத்திருக்கிறது. சேற்றை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். குறுகலான துளை என்பதால் அது மெல்ல மெல்ல அடங்கியிருக்கிறது. அகலத் துளையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பற்றிக் கப்பல்காரர்கள் யாரும் பேசவில்லை, தலைமையகமும் பேசவில்லை. கிணற்றைப் பிளவுக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தச் சொல்லி டெலக்ஸ் வந்தது. அங்கே எண்ணெய் கிடைத்ததா என்று கேட்பீர்கள். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. அதைப் பற்றி எனக்கு இன்றுவரை வருத்தமும் இல்லை.

பிறகு எங்கள் அலுவலகத்தில் கல்லறை என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. பத்ரோன் தடை எதுவும் போடவில்லை, தானாகவே நின்றுவிட்டது. நான் காரைக்காலுக்கு வந்து காவிரிப் படுகையைப் பார்க்க ஆரம்பித்தபோதும் முதலில் தேடியது இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும் அடுக்குகளைத்தான். அப்படி ஒன்றைக் கண்டால் அங்கே நிறுத்தாதீர்கள், அங்கிருந்துதான் பார்க்கத் தொடங்குங்கள்.

இன்னொன்று. பயந்துகொண்டு பார்த்தால் தப்பாகப் பார்ப்போம் என்று உங்களுக்கு யாராவது சொல்வார்கள். சில சமயம் சரிதான். ஆனால் பயம் இல்லையென்றால் நான் அன்று ஜன்னல் ஓரம் போயிருப்பேனா என்பது எனக்கு நிச்சயமில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று பயம் சொல்லட்டும். என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு மட்டும், பயமே இல்லாத ஒருவர் கையில் அளவுகோலைக் கொடுங்கள். அவருக்கு நல்ல காப்பியாக வாங்கிக் கொடுங்கள்.

அந்துவான் சுற்று முடிந்து வீட்டுக்கு வந்தான். நான் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. வந்தவனைப் பார்த்ததும் அம்மாவுக்கு அவன் இளைத்துப்போனதுதான் கண்ணில் பட்டது. மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"என்னடா, மலையப் பொரட்டிப்புட்டு வந்தவனாட்டம் களைச்சுப் போயி வந்துருக்க?" என்றாள் அம்மா. "குந்துன எடத்துல குந்திக்கிட்டு பேசுறதுதான உனக்கு வேலை? உன் அக்காளாவது நாள் பூரா கோடு போடுறா."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அடக்கினோம், முடியவில்லை. எனக்குப் புரை ஏறியது. அவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"கொழுப்பேறிப் போச்சு ரெண்டுக்கும்" என்று அம்மா எழுந்து, இன்னும் கொஞ்சம் மீன் எடுத்துவர உள்ளே போனாள்.

அந்துவான் தட்டை நகர்த்திவிட்டு மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவன் சிரிக்கவில்லை என்று தெரிந்தது. அம்மா வருவதற்குள் எழுந்து போய் அவன் முதுகில் கையை வைத்தேன். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. உள்ளே உடம்பு கதகதவென்று இருந்தது.